ஒற்றுமைச்செல்வியைத் தூக்கிய நான்கு பேர்

நெடுங்கல் கூட்டுரோட்டில் நான்கு சாலைகள் சேர்கின்றன. நான்கு கட்சிகள் சேர்ந்தது ஒரே ஒரு முறைதான், அந்த ஒரு முறையில்தான் சிந்தாமணியின் ஐந்து மாதக் குழந்தை பெற்ற தாயாலேயே தூக்க முடியாத கனமாகிப் போனது. கிழக்குச் சாலை கடலுக்குப் போகிறது, மேற்குச் சாலை மலைக்கு, வடக்குச் சாலை ஆற்றுப் படுகைக்கு, தெற்குச் சாலை கரிசல் காட்டுக்கு. நாலு பக்கத்துக்காரர்களும் பிழைக்க வந்து தங்கிவிட்ட ஊர் என்பதால் கடற்கரைக் கட்சி, மலைக் கட்சி, ஆற்றுக் கட்சி, கரிசல் கட்சி என்று நாலுக்கும் இங்கே கிளை உண்டு, கொடிக்கம்பம் உண்டு, அடுத்தவன் கம்பத்தைவிட நம் கம்பம் ஒரு முழம் கூட இருக்க வேண்டும் என்று நாலும் வளர்ந்து வளர்ந்து மின்கம்பியைத் தொட்டு, வாரியத்து ஆட்கள் வந்து நாலையும் அறுத்துவிட்டுப் போன கதையும் உண்டு.

அந்த வருஷம் நாடாளுமன்றத் தேர்தல் நெருங்கிக்கொண்டிருந்தது. தலைநகரத்தில் இரண்டு பெரிய கட்சிகள் மாற்றி மாற்றி ஆண்டுகொண்டிருந்தன, நம் பக்கத்துச் சின்னக் கட்சிகளை இரண்டுமே கறிவேப்பிலையாய்த்தான் வைத்திருந்தன, தாளிக்கும்போது தேடுவார்கள், சாப்பிடும்போது ஒதுக்குவார்கள். நாலும் ஒன்றாய் நின்றால் தலைநகரத்தில் எவர் ஆட்சி அமைக்க நினைத்தாலும் நம் வாசலுக்கு வந்துதான் ஆக வேண்டும் என்று நாலு தலைவர்களுக்கும் தோன்றியது நல்ல எண்ணம்தான், அதில் நான் குற்றம் சொல்ல மாட்டேன். ஆனால் யார் ஊருக்கு யார் போவது என்பதிலேயே மூன்று மாதம் ஓடிவிட்டது. கடைசியில் யாருக்கும் சொந்தமில்லாத எங்கள் கூட்டுரோட்டில் மாநாடு என்று முடிவானது.

தலைவர்களின் சொந்தப் பெயர்கள் எங்களுக்கு மறந்தே போயிருந்தன. கடற்கரைக் கட்சித் தலைவர் 'அலைகடல்', மலைக் கட்சியின் அம்மையார் 'குன்றின் விளக்கு', ஆற்றுக் கட்சிக்காரர் 'நெற்களஞ்சியம்', கரிசல் கட்சிக்காரர் 'கரிசல் வேங்கை'. இந்த வேங்கையின் கையால்தான் தன் மகளுக்குப் பெயர் வைக்க வேண்டும் என்று கரிசல் கட்சியின் கிளைச் செயலாளர் மதியழகன் ஒற்றைக் காலில் நின்றான். எங்கள் பக்கத்தில் இது வழக்கம்தான், தலைவர் வந்து பெயர் வைக்கட்டும் என்று பிள்ளையைப் பெயரில்லாமலே பள்ளிக்கூட வாசல்வரை கொண்டுபோனவர்கள் இருக்கிறார்கள். ஐந்து மாதமாகப் பிள்ளை வெறும் பாப்பாவாக இருந்தது. அவன் மனைவி சிந்தாமணி, கடைத்தெருவில் தையல் மிஷின் போட்டு ரவிக்கை தைக்கிறவள், எந்தக் கட்சியிலும் இல்லாதவள், அவளிடம் யாரும் எதையும் கேட்கவில்லை. "நீங்க பேரு வைக்கிறதுக்குள்ள எம்புள்ள பேரன் பேத்தி எடுத்துரும்" என்று மட்டும் ஒருநாள் சொன்னாள்.

கூட்டணி என்று ஆன பிறகு வேங்கை மட்டும் பெயர் வைத்தால் மற்ற மூவரும் சும்மா இருப்பார்களா? மாநாட்டு மேடைக்குப் பின்னால் ஒரு குழு உட்கார்ந்தது. கடல் தொடர்பான பெயர் வேண்டாம் என்றது மலை, மலை தொடர்பான பெயர் வேண்டாம் என்றது ஆறு, வீரமான பெயர் வேண்டும் என்றது கரிசல், சாப்பாட்டு நேரம் தாண்டி மூன்று முறை டீ குடித்த பிறகு யாருக்கும் பிடித்ததாக இல்லாவிட்டாலும் யாரும் மறுக்க முடியாத ஒரு பெயராக 'ஒற்றுமைச்செல்வி' வந்தது. அடுத்தது படம் எடுப்பது. பிள்ளையை யார் கையில் வைத்திருக்கிறாரோ அவர்தான் நாளைக்குச் சுவரொட்டியில் பெரியவராகத் தெரிவார் என்பது பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும், ஆகவே ஒருவரும் இன்னொருவரிடம் விடவில்லை. ஒருவர் தலைக்கடியில், ஒருவர் முதுகுக்கடியில், ஒருவர் இடுப்புக்கடியில், ஒருவர் காலுக்கடியில் என்று ஆளுக்கு ஒரு கை கொடுத்து, மற்றக் கையைக் கூட்டத்தைப் பார்த்து ஆட்டி, ஒற்றுமைச்செல்வியை வானத்துக்கு உயர்த்தினார்கள். வெடி வெடித்தது, பிள்ளை அழவில்லை, சிரித்தது. பிறகு மாலைகள் குவிந்திருந்த மேசையின்மேல் கிடத்திவிட்டு நாலு பேரும் நாலு சாலையில் காரேறிப் போனார்கள்.

சிந்தாமணி பிள்ளையை எடுக்கப் போனாள், எடுக்க வரவில்லை. துணி ஆணியில் மாட்டியிருக்கிறது என்று நினைத்துத் தடவிப் பார்த்தாள், ஆணி இல்லை. மதியழகன் தூக்கிப் பார்த்தான். அரிசி மண்டி மூட்டைக்காரர்கள் இரண்டு பேர் வந்து தூக்கிப் பார்த்தார்கள், பந்தல்காரர் வந்து பார்த்தார், தேர்ச் சக்கரத்தைப் பெயர்ப்பதுபோல் இருக்கிறது என்றார்கள், பிள்ளையோ தன்னைச் சுற்றி இத்தனை பேர் மூச்சு வாங்குவதைப் பார்த்துக் காலை உதைத்து விளையாடிக்கொண்டிருந்தது. அந்த நேரத்தில், மேடையில் கேட்பாரற்றுக் கிடக்கும் பிள்ளையைத் தூக்கிக் கொடுத்த பெருமை யாருக்கு என்ற போட்டியில் மற்ற மூன்று கட்சிக் கிளைச் செயலாளர்களும் ஏறி வந்தார்கள். கருவாட்டுக் கடை ரொசாரியோ கடற்கரைக் கட்சி, கேரட், முட்டைக்கோஸ் லாரி பிடிக்கும் போஜன் மலைக் கட்சி, உரக்கடை கலியபெருமாள் ஆற்றுக் கட்சி. ஒருவரை ஒருவர் இடித்துத் தள்ளிக்கொண்டு மூவரும் கையை நீட்ட, மதியழகனும் விடாமல் கையை நுழைக்க, நாலு கையும் பட்ட அந்த நொடியில் பிள்ளை பஞ்சுப்பொதி மாதிரி மேலே வந்தது.

"நாலு பேரு தூக்கணும்னா அது கடைசியிலதானே, இது என்ன புதுசா மொதல்லயே" என்று கூட்டத்தில் ஒரு கிழவர் சொன்னதற்குச் சிந்தாமணி அவரைப் பார்த்த பார்வையில் அவர் அதன் பிறகு எங்கள் தெருப் பக்கம் வரவில்லை.

நாலு கட்சியின் கைகள் சேர்ந்தால் பூ, ஒன்று குறைந்தாலும் பாறை, இதுதான் கணக்கு என்று இரண்டு நாளில் ஊருக்குப் புரிந்துவிட்டது. பாய் தாங்கியது, தொட்டில் தாங்கியது, சுகாதார நிலையத்துத் தராசு ஆறரைக் கிலோ என்று சரியாகவே காட்டியது, நர்ஸம்மா அதை எழுதிக்கொண்டு "பிள்ளை நல்லா இருக்கு, அடுத்த மாசம் கொண்டாங்க, நாலு பேரும் மறக்காம வாங்க" என்று சொல்லி அனுப்பினார். மனுஷ உடம்புதான் தாங்கவில்லை. ஒருமுறை பிள்ளையைத் தன் மடியில் வைக்கச் சொல்லி, நாலு பேரும் வைத்துவிட்டுக் கையை எடுத்ததும் சிந்தாமணி போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுச் சேவல் கூரையேறிவிட்டது, பதறி மறுபடி தூக்கிவிட்டார்கள் என்றாலும் தொடை கன்றி ஒரு வாரம் மிஷின் மிதிக்க முடியவில்லை. அதற்குப் பிறகு பாயில் பிள்ளையின் பக்கத்தில் ஒருக்களித்துப் படுத்துத்தான் பால் கொடுத்தாள். தெருவில் மற்றப் பெண்கள் இடுப்பில் பிள்ளையை வைத்துக்கொண்டு குழாயடியில் நிற்பதைப் பார்த்தால் இவள் குடத்தோடு திரும்பி வந்துவிடுவாள், தண்ணீர் பிடிக்காமல்.

ஊர் இதற்குப் பழகிய விதத்தைத்தான் சொல்ல வேண்டும். விடிந்ததும் குளிப்பாட்ட நாலு பேர், பத்து மணிக்குத் தொட்டிலில் போட நாலு பேர், மாலையில் வாசலுக்குக் கொண்டுவந்து வேடிக்கை காட்ட நாலு பேர். கட்சிக்காரன் வீட்டுக் கல்யாணத்துக்குக்கூட எட்டிப் பார்க்காத மாற்றுக் கட்சிக்காரர்கள் பச்சைக் கரை, நீலக் கரை, மஞ்சள் கரை, கறுப்புக் கரை வேட்டிகளோடு ஒரே வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, ஒரே நேரத்தில் குனிந்து, "ஆச்சா? ம், தூக்கு" என்று ஒரே குரலில் சொன்னார்கள். ஒருவன் வெளியூர் போனால் தன் கட்சியிலிருந்து மாற்று ஆள் கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டும், மாற்று ஆள் சந்தா கட்டாதவனாக இருந்தால் பிள்ளை அசையாது, அந்தப் பயத்திலேயே நாலு கட்சிக்கும் சந்தா பாக்கி வசூலானது. ரொசாரியோவும் கலியபெருமாளும் கொடிக்கம்பச் சண்டையில் மண்டை உடைந்த நாளிலிருந்து பேசிக்கொண்டதில்லை, தலைக்கடியில் ஒருவரும் முதுகுக்கடியில் ஒருவரும் கை கொடுக்கும்போது பேசாமல் எப்படி முடியும்?

"கொஞ்சம் மேல புடிங்க, கழுத்து தொங்குதுல்ல" என்றார் கலியபெருமாள்.

"ஏழு புள்ள பெத்தவன்கிட்ட சொல்லிக்குடுக்கீரோ?" என்றார் ரொசாரியோ. அதுதான் ஆறு வருஷத்துக்குப் பிறகு அவர்கள் பேசிக்கொண்ட முதல் பேச்சு.

குளிப்பாட்டி முடித்து டீ வரும்வரை நாலு பேரும் சும்மா இருக்க முடியாது அல்லவா, ஆகவே நாலு வார்டு எல்லையில் மாட்டிக்கொண்டு யாரும் தொடாமல் நாறிக்கொண்டிருந்த கூட்டுரோட்டுச் சாக்கடையைப் பற்றிப் பேசினார்கள், பேசியதற்காகவே தூர்வாரினார்கள். மலையில் முட்டைக்கோஸ் விலை விழுந்ததற்கும் கடலோரத்தில் டீசல் விலை ஏறியதற்கும் சம்பந்தம் உண்டு என்று போஜன் ஒருநாள் கண்டுபிடித்தார். பகுத்தறிவு மன்றத்தார் காந்தம் கொண்டுவந்து பார்த்தார்கள், மந்திரிக்கிறவர் ஒருவர் வேப்பிலை கொண்டுவந்து பார்த்தார், தலைநகரத்துப் பெரிய கட்சி ஒன்று பயில்வானையே அனுப்பியது, எல்லாரும் தூக்கிப் பார்த்துவிட்டுச் சிந்தாமணி வீட்டில் மோர் குடித்துவிட்டுப் போனார்கள். இதைப் பார்த்து எங்களுக்கு ஒரு பெருமைகூட வந்துவிட்டது. நாலு தலைவர்கள் செய்ய முடியாததை ஒரு பச்சைப் பிள்ளை எங்கள் ஊரில் செய்கிறது என்று வெளியூர்க்காரர்களிடம் சொல்லிக்கொண்டோம், சொன்ன எங்களில் ஒருவருக்கும் அந்தப் பிள்ளையின் தாய் முகத்தைப் பார்க்கத் தோன்றவில்லை, இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

சிந்தாமணி தன்னால் ஆனதைச் செய்து பார்த்தாள். நாலு கட்சியிலும் சந்தா கட்டி நாலு உறுப்பினர் அட்டையையும் இடுப்பில் செருகிக்கொண்டு பிள்ளையைத் தூக்கிப் பார்த்தாள், அசையவில்லை. நாலில் இருக்கிறவள் ஒன்றிலும் இல்லாதவள் என்று பிள்ளைக்கே தெரிந்திருக்கிறது. இன்னொரு கவலையும் அவளை அரித்தது. பிள்ளைக்கு ஒரு வயது தாண்டியும் தவழவில்லை, எழுந்து நிற்கப் பார்க்கவில்லை, விரலைக் காட்டினால் நாலு பேர் ஓடிவந்து தூக்கும்போது எந்தப் பிள்ளை முட்டி தேயத் தவழும்? காலில் ஒரு குறையும் இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

"புள்ளய ஒருநா நான் இடுப்புல தூக்கிட்டு கடைக்குப் போணும். அவ்வளவுதான் எனக்கு வேணும். ஒங்க கட்சி ஜெயிச்சாலும் சரி, தோத்தாலும் சரி" என்று மதியழகனிடம் சொன்னாள்.

"தேர்தல் முடியட்டும். வேங்கை எனக்கு ஒன்றியப் பொறுப்பு தாறேன்னு சொல்லியிருக்காக. பதினாறு வருஷமா கொடி கட்டுனது சும்மா போகுமா? அப்புறம் எல்லாம் சரியாகும்" என்றான்.

"புள்ள கனத்துக்கும் ஒன்றியப் பொறுப்புக்கும் என்ன சம்பந்தம்?" என்று அவள் கேட்டாள்.

தேர்தல் தேதி அறிவித்தார்கள், தொகுதிப் பங்கீடு தொடங்கியது. கடலோரத் தொகுதிகள் கடலுக்கு, மலைத் தொகுதிகள் மலைக்கு என்று மற்றதெல்லாம் மளமளவென்று முடிந்தது, எங்கள் நெடுங்கல் தொகுதியில் வந்து வண்டி நின்றது. அதிசயப் பிள்ளை பிறந்த தொகுதியை யார் விட்டுக்கொடுப்பார்கள்? பிள்ளை கரிசல் கட்சிக்காரன் பெற்றது என்றார் வேங்கை. தலையைப் பிடித்தது நான் என்றார் அலைகடல். இடுப்புதான் நடு, நடுவைத் தாங்கியவள் நான் என்றார் குன்றின் விளக்கு. நெற்களஞ்சியம் அதற்குள் தன் கட்சி வேட்பாளரின் பெயரைச் சுவரில் எழுதச் சொல்லிவிட்டார். கூட்டுரோட்டில் இரண்டாவது மாநாடு வைத்து நேரில் பேசித் தீர்ப்பது என்று ஆயிற்று, மாநாட்டுக்குப் பிள்ளை வராமல் எப்படி, காலையிலேயே நாலு பேரும் ஒற்றுமைச்செல்வியைத் தூக்கி வந்து மேடை நடுவில் பட்டு விரித்த மேசையில் உட்கார்த்தி, தலையணை முட்டுக் கொடுத்தார்கள்.

மேடைக்குப் பின்னால் போன தலைவர்கள் மத்தியானம் இரண்டு மணிக்கு வெளியே வந்தபோது நாலு பேர் முகமும் நாலு திசையில் இருந்தது. தன்மானம் என்ற சொல்லை நாலு ஒலிபெருக்கிகளிலும் கேட்டோம். போகிற போக்கில் ஒவ்வொருவரும் தனியாகப் பிள்ளையைத் தூக்க முயன்று, முடியாமல், கன்னத்தை மட்டும் கிள்ளிவிட்டுக் காரேறினார்கள். கார்கள் ஊர் எல்லையைத் தாண்டுவதற்குள் அறிவிப்பு வந்துவிட்டது, நாலு கட்சியிலும் ஒரே வாசகம்: மற்ற மூன்று கட்சியினரோடு ஒரே இடத்தில் காணப்படுகிற எவரும் அடிப்படை உறுப்பினர் உள்பட எல்லாப் பொறுப்புகளிலிருந்தும் நீக்கப்படுவார். கூட்டம் நாலு சாலையிலும் வடிந்தது. நாலு கிளைச் செயலாளர்களும் மேடைக்குக் கீழே ஒரு நிமிஷம் நின்றார்கள், பிறகு ஒருவரை ஒருவர் பார்க்காமல் ஆளுக்கொரு பக்கம் போனார்கள், அதில் மதியழகனும் போனான்.

மேடையில் பிள்ளையும் சிந்தாமணியும் மட்டும் இருந்தார்கள். பந்தல்காரர் கீற்றைப் பிரித்தார், நாற்காலியை ஏற்றினார், பலகைகளை ஒவ்வொன்றாக உருவினார், மேசைக்கடியில் இருந்த பலகைகளை மட்டும் விட்டுவிட்டு, "மழை வருதும்மா, நான் என்ன செய்ய, நாளைக்கு இன்னொரு ஊர்ல கல்யாணம்" என்று தலையைச் சொறிந்தார். மேற்கே கருத்துக்கொண்டு வந்தது. சிந்தாமணி முந்தானையை விரித்துப் பிள்ளையின் தலைக்குமேல் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். டீக்கடையில் நாலு கட்சித் தொண்டர்களும் தனித்தனி பெஞ்சில் உட்கார்ந்து, எவன் போகிறான் பார்ப்போம் என்று செல்போனை நீட்டிக்கொண்டிருந்தார்கள். அந்த நேரத்தில் நாங்களும் அங்கேதான் இருந்தோம், அழுகை வந்தது, ஆனால் எங்கள் கைகளால் ஆகக்கூடியது ஒன்றும் இல்லை.

மேடையின் பின்பக்கம் வழியாக நாலு பேர் ஏறினார்கள். கைலி கட்டி, துண்டால் முண்டாசு கட்டி, பாதி முகத்தை மறைத்திருந்தார்கள், ஆனால் ரொசாரியோவின் கருவாட்டு வாசனையை எந்த முண்டாசு மறைக்கும்? கரை வேட்டியை அவிழ்த்துப் போட்டுவிட்டு வந்தால் கட்சிக்காரனாக வரவில்லை, பிள்ளைப் பாசத்தில் வந்த சாதாரண மனுஷன் என்று சொல்லிக்கொள்ளலாம் என்று நாலு பேரும் தனித்தனியாக ஒரே யோசனை பண்ணியிருக்கிறார்கள். குனிந்தார்கள், கை கொடுத்தார்கள், "ஆச்சா? ம், தூக்கு" என்றார்கள். பிள்ளை அசையவில்லை.

"காலையில பூ மாதிரி வந்தாளே" என்றார் ரொசாரியோ.

"கூட்டணிதான் முறிஞ்சுபோச்சே, அப்புறம் எங்கேர்ந்து வருவா?" என்றார் கலியபெருமாள்.

சிந்தாமணி நாலு பேரையும் ஏற இறங்கப் பார்த்தாள். "யாரு நீங்க?" என்றாள். "கோழி புடிக்க வந்தவங்க மாதிரி முண்டாசு கட்டிட்டு வந்தா எம்புள்ளைக்கு ஒங்கள எப்படி அடையாளம் தெரியும்? அவளைத் தூக்குனது மதியழகனும் ரொசாரி அண்ணனும் இல்ல. நாலு கட்சி தூக்குச்சு. போயி வேட்டியக் கட்டிட்டு வாங்க."

"தங்கச்சி, எதுக்க கேமராவப் புடிச்சிட்டு நிக்கிறாங்க" என்றார் போஜன். "கரை வேட்டியோட நாலு பேரும் சேர்ந்து நின்னா இன்னியோட முடிஞ்சுதுங்க எங்க கதை."

"தெரியும்ண்ணே. கட்டிட்டு வாறதும் வராததும் ஒங்க இஷ்டம்" என்றாள் சிந்தாமணி. மதியழகனை அவள் பார்க்கவே இல்லை.

நாலு பேரும் இறங்கிப் போனார்கள். முதல் தூறல் விழுந்தது. நான் சத்தியமாக நினைத்தேன், வரமாட்டார்கள் என்று, கட்சிக்காக மண்டை உடைத்துக்கொண்டவர்கள், பொண்டாட்டி தாலியை அடகு வைத்துக் கொடி கட்டியவர்கள், அந்தக் கரை வேட்டி பறிபோனால் அவர்களுக்கு ஊரில் வேறு என்ன பெயர் இருக்கிறது? முதலில் போஜன் வந்தார், முன்பக்கப் படி வழியாக, சலவை வேட்டியில் பச்சைக் கரை பளிச்சென்று தெரிய. அடுத்தது நீலக் கரை, அடுத்தது மஞ்சள் கரை. டீக்கடை பெஞ்சுகள் எழுந்து நின்றன. மூன்று பேரும் கையைக் கட்டிக்கொண்டு மேடையில் நின்றார்கள், தூறல் வலுத்தது, நாலாவது ஆள் வரவில்லை, சிந்தாமணி தலையைக் குனிந்து பிள்ளையின் காலைத் துடைத்துக்கொண்டிருந்தாள், துடைத்த காலையே திரும்பத் திரும்பத் துடைத்தாள்.

மதியழகன் வந்தபோது அவன் வேட்டி நனைந்து, கறுப்புக் கரை தொடையோடு ஒட்டியிருந்தது. "இஸ்திரி போட்ட வேட்டி இல்ல. கொடியில கெடந்ததக் கட்டிட்டு வந்தேன்" என்றான், தாமதத்துக்கு அதுதான் காரணம் என்பதுபோல. அது காரணம் இல்லை என்று அவளுக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும், பதினாறு வருஷத்தை அரை மணி நேரத்தில் விட்டுவிட்டு வருவது லேசான காரியம் அல்ல.

கை கொடுத்தார்கள். பிள்ளை பூவாக வந்தது. படியிறங்கி, கூட்டுரோட்டின் நடுவுக்கு வந்தபோது நாலு பேர் சட்டைப் பையிலும் செல்போன் அடிக்க ஆரம்பித்தது, தலைமை நிலையம்தான், வேறு யார். நாலு பேர் கையும் பிள்ளையைப் பிடித்திருந்ததால் ஒருவரும் எடுக்கவில்லை. எடுத்துக் கேட்டால்தானே நீக்கம், அதுவரை கட்சிக்காரன்தான் என்று கலியபெருமாள் நடந்துகொண்டே சட்டம் பேசினார்.

"ஆனா இதுதான் கடைசி தூக்கு" என்றார் ரொசாரியோ. "எறக்கி வச்சா வச்ச எடந்தான், பெறவு நாம யாரும் தூக்க முடியாது. வீட்டுக்குக் கொண்டுபோயி தொட்டில்ல போட்டுருவமா தங்கச்சி? பாய்ல கெடத்தவா? யோசிச்சுச் சொல்லு தாயி."

சிந்தாமணி மழையில் நின்றாள். தொட்டிலில் போட்டால் பிள்ளை வளர்ந்து கயிறு அறுகிறவரை தொட்டிலில், பாயில் போட்டால் பாயில்.

"படுக்க வைக்காதீங்க" என்றாள். "நிக்க வைங்க."

"நிக்கத் தெரியாதே அவளுக்கு" என்றான் மதியழகன்.

"நீங்க யாரும் நிக்க வச்சதே இல்லையே. வைங்க."

நாலு பேரும் பிள்ளையை நிமிர்த்தி, ஈரத் தாரில் அவள் பாதம் படும்படி இறக்கினார்கள். முதலில் போஜன் கையை எடுத்தார், பிறகு கலியபெருமாள், பிறகு அழுதுகொண்டே ரொசாரியோ. மதியழகன் கடைசியாக எடுத்தான். பிள்ளைக்கு முழங்கால் நடுங்கியது, பழக்கத்தில் ஒரு விரலை நீட்டி நாலு பேரையும் கூப்பிட்டது, நாலு பேரும் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார்கள், செல்போன்கள் அடித்துக்கொண்டே இருந்தன. பிள்ளைக்குக் கோபம் வந்தது. உதட்டைப் பிதுக்கியது, சுற்றிலும் பார்த்தது, ஆறு அடி தள்ளி ரோட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்ட தன் தாயைப் பார்த்தது. ஒரு காலை எடுத்து வைத்தது. விழப்போய், விழாமல், இன்னொரு காலை வைத்தது. வரும் வழியெல்லாம் அழுகையும் கத்தலுமாகத் தாயைத் திட்டிக்கொண்டே வந்து, அவள் சேலையைப் பிடித்து இழுத்து, முழங்காலில் மிதித்து, சேற்றுப் பாதத்தோடு தானாகவே மடியில் ஏறி உட்கார்ந்தது.

சிந்தாமணி கண்ணை இறுக மூடியிருந்தாள், தொடை நொறுங்கப் போகிறது என்று பல்லைக் கடித்திருந்தாள். பிறகு மெல்லக் கண்ணைத் திறந்தாள். ஒரு வயதுப் பிள்ளைக்கு என்ன கனமோ அந்தக் கனம்தான் இருந்தது.

லாரிகள் நாலு பக்கமும் நின்றுவிட்டன, ஒருவரும் ஆரன் அடிக்கவில்லை. பிள்ளை அழுது ஓய்ந்து, சுண்டைக்காய் விரலால் தாலியைப் பற்றிக்கொண்டு அப்படியே தூங்கிப்போனது. "எந்திரி, மழையில நனையுது" என்று மதியழகன் குடையைப் பிடித்துக்கொண்டு இரண்டு முறை சொன்னான்.

"காலு மரத்துப்போச்சுங்க" என்றாள் சிந்தாமணி. சொல்லிவிட்டுச் சிரித்தாள், ஆனால் காலை மாற்றி வைக்கவில்லை.